130 ரூபாயில் யார் பங்கு எவ்வளவு?

எட்டு மணிக்குள் வசூலுக்குக் கிளம்பியாக வேண்டும் என்றார் ஆபரேட்டர். அதற்குமேல் போனால் "அவரு வந்ததும் தர்றோம்ணே" என்ற பதில்தான் கிடைக்கும். மதுரை செல்லூரில், வைகையின் வடகரைத் தெருக்களில் ஓடுகிறது அவருடைய லைன். வண்டியின் முன்பையில் வசூல் அட்டைகள், ஒரு கட்டிங் பிளேயர், கனெக்டர் டப்பா, இரண்டு மூன்று பழைய ரிமோட்டுகள். 1993-இல் சன் டிவி வந்த புதிதில் மொட்டை மாடியில் டிஷ் வைத்து, தெருத் தெருவாகத் தானே வயர் இழுத்தவர். ஒரு காலத்தில் தொள்ளாயிரம் வீடு வைத்திருந்தார். இப்போது நானூற்றுச் சொச்சம்.

கேபிளுக்கு ஏன் இவ்வளவு கட்டணம் என்று யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். வீட்டுக்காரர் ஆபரேட்டரைச் சொல்கிறார். ஆபரேட்டர் எம்எஸ்ஓவை, அதாவது சிக்னல் கொடுக்கும் பெரிய கம்பெனியைச் சொல்கிறார். கம்பெனி சேனல்காரர்களைச் சொல்கிறது. சேனல்காரர்கள் ஒழுங்குமுறை ஆணையமான டிராயைச் சொல்கிறார்கள். இவருக்கும் எம்எஸ்ஓவுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிகிறது, புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரிந்ததும் கூடவே வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க. ஆனா ஆபீஸ்ல நீங்க ஒண்ணும் பேசப்படாது" என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

முதல் தெருவிலேயே ஒரு பாட்டி வழிமறித்தார். திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவர், அட்டையை நீட்டுவதற்கு முன்பே கணக்கை ஆரம்பித்துவிட்டார். "மாசம் 270 குடுக்கிறேன். நான் பாக்குறது மூணே மூணு சேனல். இந்திக்காரன் பேசுறது, இங்கிலீஷ்காரன் பேசுறது, பிள்ளைங்க பொம்மைப் படம் எல்லாம் எனக்கு எதுக்குப்பா? அதையெல்லாம் எடுத்துட்டு 200-க்குப் போடு."

"அப்படிப் பிரிக்க முடியாதும்மா, பேக்கேஜ் அது" என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார் ஆபரேட்டர். அட்டையில் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டார். அடுத்த வீட்டில் இரண்டு டிவி. இரண்டாவதுக்குப் பாதிதான் தருவேன் என்றார் வீட்டுக்காரர். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஆபரேட்டர் அதற்கு ஒத்துக்கொண்டார். நாலாவது வீட்டில் பள்ளிப் பரீட்சை முடியும்வரை இரண்டு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் மொபைலிலேயே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், பாக்ஸை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். அங்கே மட்டும் அவர் நெடுநேரம் நின்றார். பணம் பிறகு தரலாம், லைனை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அத்தனை பேரத்திலும் நான் கவனித்தது ஒன்றுதான். ஒரு வீட்டிலும் ரூபாய் எதற்கெதற்குப் போகிறது என்ற கணக்கு யார் கையிலும் இல்லை. அட்டையில் மாதத்தின் பெயரும் தொகையும் மட்டுமே இருந்தன. சேவைக் கட்டணம் இவ்வளவு, கட்டணச் சேனல்களுக்கு இவ்வளவு, வரி இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில்லைச் சந்தாதாரர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கேட்டவர் யாரும் இல்லை. பேரம் பேசுபவர்கள் மொத்தத் தொகையோடு மோதிக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்கு அவர் வீட்டில் டீ குடித்தபோது அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் அவருடைய மகள். பி.காம் முடித்து ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறார். ஒப்பந்தத்துக்காக லீவு போட்டிருந்தார். வசூல் அட்டை ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார்.

சேவைக் கட்டணம் 130. இதை நெட்வொர்க் கட்டணம் என்பார்கள். சேனல் எதுவும் வாங்காவிட்டாலும் இணைப்புக்காகக் கட்டுவது. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது 100 சேனல்களுக்கு இதுதான் உச்சவரம்பு. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று டிராய் மாற்றியது. பாட்டியின் பேக்கேஜில் கட்டணச் சேனல்கள் 100 ரூபாய்க்கு. மொத்தம் 230. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 41 ரூபாய் 40 காசு. ஆக 271.40, சில்லறையை விட்டுவிட்டு 270 வாங்குகிறார்கள்.

இதில் வரி அரசுக்குப் போகிறது. சேனல்களுக்கான 100 ரூபாயில் 80 சேனல் நிறுவனங்களுக்கு; குறைந்தது 20 சதவீதத்தை அவர்கள் விநியோகக் கட்டணமாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த 20 ரூபாயையும் 130-ஐயும் எம்எஸ்ஓவும் ஆபரேட்டரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இருவரும் பேசி எந்த விகிதத்துக்கும் வரலாம். பேச்சு முறிந்தால் டிராயின் 2017 ஒழுங்குமுறையில் உள்ள நிலையான ஒப்பந்தம் பொருந்தும். அதில் எம்எஸ்ஓவுக்கு 55, ஆபரேட்டருக்கு 45. அப்படிப் பார்த்தால் 130-இல் 58.50, இருபதில் 9 என்று ஆபரேட்டருக்கு ஒரு வீட்டிலிருந்து கிடைப்பது 67 ரூபாய் 50 காசு. கம்பம், வயர், ஆம்ப்ளிஃபையர், வசூல் பையனின் சம்பளம், மழை நாளில் பாக்ஸ் ரிப்பேர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். எம்எஸ்ஓவுக்கு 82.50.

"அந்தப் பாட்டி கேட்ட மாதிரியே செஞ்சா என்ன ஆகும்னு பாருங்க" என்று மகள் அட்டையின் ஓரத்தில் இன்னொரு கணக்கு போட்டார். தொகுப்பில் சேர்க்கும் ஒரு சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. பாட்டியின் மூன்று சேனலுமே 19 ரூபாய்ச் சேனல் என்று வைத்துக்கொண்டாலும் 57. சேவைக் கட்டணத்தோடு 187. வரியோடு 220 ரூபாய் 66 காசு. பாட்டிக்கு மாதம் 50 ரூபாய் மிச்சம். ஆபரேட்டருக்கு? 57-இல் 20 சதவீதம் 11.40, அதில் 45 சதவீதம் 5.13. ஏற்கெனவே கிடைத்தது 9. அப்பாவுக்கு நஷ்டம் 3 ரூபாய் 87 காசு.

ஆபரேட்டர் அட்டையை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "அப்ப நம்ம எதுக்குடா அந்தம்மாகிட்ட முடியாதுன்னோம்?"

"ஏன்னா அவங்க உங்களுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்கப்பா."

எனக்கு அன்றைய நாளின் முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. தன் சேனல் எவ்வளவு வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்து, சேனல் நிறுவனம் எம்எஸ்ஓவுக்கு 15 சதவீதம்வரை கூடுதல் தள்ளுபடி தரலாம். வீடுகள் தொகுப்பிலேயே இருந்தால்தான் எம்எஸ்ஓவுக்கு அந்தத் தள்ளுபடி. அதனால் எம்எஸ்ஓ தன் ஆபரேட்டர்களுக்கு மாதாமாதம் பேக்கேஜ் இலக்கு வைக்கிறது. இலக்கு குறைந்தால் போன் வரும். செல்லூர்த் திண்ணையில் ஒரு பாட்டியிடம் "பிரிக்க முடியாது" என்று ஒருவர் சொல்வதற்குப் பின்னால் மும்பையிலும் சென்னையிலும் போட்ட இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. பாட்டிக்கு எதிரே நிற்பவருக்குத் தான் யாருக்காகப் பேசுகிறோம் என்பதே முழுதாகத் தெரியவில்லை.

எம்எஸ்ஓ அலுவலகம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, முதல் மாடியில். உள்ளே ஏசி அறையில் மேனேஜர். முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதை தெரிந்தவர். "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே" என்று எழுந்து வரவேற்றார். மகளையும் என்னையும் பார்த்தவர், டீ சொன்னார். மேஜையில் ஒப்பந்தம் தயாராக இருந்தது. ஆங்கிலத்தில், கனமான கட்டு. கையெழுத்துப் போட வேண்டிய பக்கங்களில் மட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

மகள் ஸ்டிக்கர் இல்லாத பக்கங்களைப் புரட்டினார். கடைசியில் அட்டவணை வந்தது. வருவாய்ப் பங்கு என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு கோடுகள். எம்எஸ்ஓ என்று எழுதி ஒரு புள்ளிக்கோடு, ஆபரேட்டர் என்று எழுதி ஒரு புள்ளிக்கோடு. இரண்டும் காலி. ஓரத்தில் பென்சிலில் யாரோ ஒரு எண்ணை எழுதி அழித்திருந்தார்கள். தாளைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்தம் மட்டும் தெரிந்தது. மகள் அப்படித்தான் சாய்த்துப் பிடித்தார். 38 போலிருந்தது.

"அதை ஹெட் ஆபீஸ்ல ஃபில் பண்ணிப்பாங்கம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"சார், காலியா இருந்தா அப்பா கையெழுத்துப் போட மாட்டாங்க. இங்கயே எழுதிருவோம்."

அரை மணி நேரம் அந்தக் கோட்டைச் சுற்றியே பேச்சு நடந்தது. மேனேஜர் பங்கு விகிதமே வேண்டாம், பாக்ஸுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைத்துக்கொள்ளலாம் என்றார். கணக்கு சுலபம், அண்ணனுக்கும் தலைவலி இல்லை. மகள் மறுத்தார். 2024 ஜூலையில் சேவைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டது. எம்எஸ்ஓ தன் விருப்பப்படி அறிவித்து வெளியிட்டால் போதும். நாளைக்கு 130-ஐ 160 ஆக்கினால், விகிதம் இருந்தால் ஆபரேட்டர் பங்கும் ஏறும். ஒரே தொகை என்றால் ஏற்றம் முழுக்க எம்எஸ்ஓவுக்கு, வீட்டுக்காரரின் வசவு முழுக்க ஆபரேட்டருக்கு. இதை அவர் சொன்னபோது மேனேஜர் மறுக்கவில்லை.

மேனேஜர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சேனல்காரர்களுக்குக் குறித்த தேதியில் பணம் கட்டாவிட்டால் சிக்னல் நிறுத்த நோட்டீஸ் வந்துவிடும். மாதாமாதம் வீடுகள் குறைகின்றன. சிக்னலைத் திரட்டி அனுப்பும் ஹெட்எண்டின் செலவு குறைவதில்லை. "அண்ணே, நீங்க வீட்டுக்காரங்ககிட்ட வசூல் பண்றப்ப படுற பாடு எனக்குத் தெரியும். எங்க பாடும் அதேதான்" என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்றே எனக்குப் பட்டது.

ஆபரேட்டர் அதுவரை பேசாமல் இருந்தார். இப்போது பழைய கணக்கு ஒன்றை எடுத்தார். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அதில் அரசுக் கார்ப்பரேஷனுக்கு 20 கட்டினால் போதும்; 50 ஆபரேட்டருக்கு. "அன்னைக்கு 70-ல 50 எடுத்தவன் தம்பி நான். இன்னைக்கு 270-ல 67 எடுக்கிறேன். இன்னும் குறைக்கச் சொன்னா வயரைச் சுத்தி வச்சுட்டுப் போக வேண்டியதுதான்."

முடிவில் 55, 45 என்று மேனேஜரே பேனாவால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். விகிதத்தை விதியே சொல்லியிருக்கும்போது இதற்கு இவ்வளவு பாடா என்று கேட்கத் தோன்றும். விதி பேச்சு முறிந்தால்தான் வரும். 38 என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவருக்கு 38-தான். இந்த விதிகளை எதிர்த்தே ஒரு பெரிய வழக்கு நம் ஊரிலிருந்து போனது. ஸ்டார் நிறுவனமும் விஜய் டிவியும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 30 அன்று டிராய்க்கு இப்படி விதி வகுக்கும் அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் போராடி நிலைநின்ற ஒரு எண்ணை, செல்லூர்க்காரர் ஒருவர் காலிக்கோட்டில் இழக்கப் பார்த்தார்.

மற்றவை வேகமாக முடிந்தன, எல்லாம் ஒருபோல முடியவில்லை. பேக்கேஜ் இலக்கு பற்றிய ஷரத்தை மேனேஜர் அடித்துவிட ஒப்புக்கொண்டார். சேனல் தள்ளுபடியில் பங்கு கேட்டதற்கு மட்டும் "அது எங்களுக்கும் சேனலுக்கும் உள்ளது" என்று முடித்துவிட்டார். ஆபரேட்டர் வாலட்டில் முன்பணம் போட்டு வீடுகளை ஆக்டிவேட் செய்துவிட்டுப் பிறகு வசூலுக்கு அலையும் முறையில் பத்து நாள் கடன் அவகாசம் கிடைத்தது, மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தொடரலாம் என்ற அளவில். பாக்ஸ் யாருடையது என்பதை எழுதிக்கொண்டார்கள். ஆபரேட்டர் காசு கொடுத்து வாங்கியவை தனிப் பட்டியலாகச் சேர்ந்தன.

நடக்காதது ஒன்று. சந்தாதாரர்களின் மொபைல் எண்களை எம்எஸ்ஓ தன் பிற சேவைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. பிற சேவை என்றால் இன்டர்நெட். ஆபரேட்டர் முப்பது ஆண்டாகச் சேர்த்த வீடுகளுக்கு எம்எஸ்ஓவே நேரடியாகப் போன் செய்து நெட் விற்கலாம், அதோடு டிவியையும் சேர்த்து. அந்த வரியை எடுக்க மேனேஜர் இசையவில்லை. உங்கள் மூலமாகத்தான் விற்போம் என்று வாய்வார்த்தை சொன்னார். மகள் அதையும் எழுதச் சொன்னார். ஹெட் ஆபீஸில் கேட்க வேண்டும் என்றார் மேனேஜர். என் கணிப்பில் இந்தத் தொழிலின் அடுத்த பத்தாண்டுச் சண்டை அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. 45 சதவீதத்தைவிட அது பெரிது. வீடு கையைவிட்டுப் போனபின் விகிதம் எதற்கு?

சிக்னலை நிறுத்துவதானால் மூன்று வாரம் முன்னதாகக் காரணத்தோடு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்ற ஷரத்தை மகள் உரக்கப் படித்தார். ஆபரேட்டர் தலையசைத்தார். 2022 நவம்பரில் மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தத் தகராறு வந்து அரசு கேபிள் பாக்ஸ்கள் மாநிலத்தில் பல இடங்களில் நின்றுபோனபோது, பக்கத்துத் தெருவில் அரசு கேபிள் லைன் வைத்திருந்த நண்பர் வீட்டு வாசலில் ஜனம் கூடியதை அவர் பார்த்திருக்கிறார். ஒப்பந்தம் போட்டவர்கள் எங்கோ இருந்தார்கள். கேள்வி கேட்கக் கண்முன்னே கிடைத்தவர் அந்த நண்பர்தான்.

கையெழுத்துகள் முடிந்ததும் ஒரிஜினல் நகலை ஹெட் ஆபீஸ் சீல் வைத்து அனுப்பும் என்றார் மேனேஜர். கையெழுத்திட்ட நகல் ஆபரேட்டர் கைக்கு வந்தாக வேண்டும் என்பதும் விதி. போன ஒப்பந்தத்தின் நகல் இவருக்கு வரவே இல்லை. மகள் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, தேதி போட்டு ஒரு ஒப்புகைச் சீட்டும் வாங்கினார். கீழே இறங்கியதும் ஆபரேட்டர் முதலில் செய்தது, கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டுப் பாட்டியின் பாக்ஸ் எண்ணைச் சொல்லி, மூன்று சேனலைத் தனியாகப் போடச் சொன்னது.

மாலையில் புது இணைப்புகளுக்காகப் பேச ஊருக்கு வடக்கே ஒரு புது அபார்ட்மென்ட்டுக்குப் போனோம். அறுபது வீடு. அசோசியேஷன் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்தவர். ஒரு பெரிய நெட் கம்பெனி ஏற்கெனவே வந்துபோயிருந்தது. டிவியும் நெட்டும் சேர்த்து ஒரே கட்டணம், முதல் ஆறு மாதம் பாதி விலை. பதிலுக்கு ஐந்து ஆண்டுக்கு வேறு யாரையும் கட்டடத்துக்குள் விடக் கூடாது, உள்ளே இழுக்கும் ஃபைபர் கம்பெனியுடையது.

"ஆறு மாசத்துக்கு அப்புறம் விலை என்னன்னு எழுதியிருக்காங்களா சார்?" என்று மகள் கேட்டார். செயலாளர் தாளைப் புரட்டினார். அப்போதைய நடைமுறைக் கட்டணம் என்று மட்டும் இருந்தது.

ஆபரேட்டரால் பாதி விலை தர முடியாது. தன் கையில் உள்ளதைச் சொன்னார். அறுபது வீடும் சேர்ந்து வந்தால் தன் 45-லிருந்து வீட்டுக்குப் பத்து ரூபாய் விடுவார். இரண்டாவது டிவிக்குச் சேவைக் கட்டணத்தில் 40 சதவீதம் மட்டும். 2020-இல் டிராய் வைத்த வரம்பு அது, இப்போது கட்டாயமில்லை, ஆனாலும் அவர் அதற்குமேல் வாங்க மாட்டார். வாட்ச்மேன் அறைக்கு இலவசம். வயர் அசோசியேஷனுடையது, பிடிக்காவிட்டால் வேறு ஆளை அதே வயரில் கொண்டுவரலாம். சேவைக் கட்டணம் ஏறாது என்று மட்டும் உறுதி தர இயலாது, அது எம்எஸ்ஓ கையில் இருக்கிறது. ஏற்றினால் அறிவிப்பு வந்த அன்றே நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார். சேனல் விலைகளை 999-ஆம் எண் சேனலில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

செயலாளர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கேபிள் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டார். ஆண்டுதோறும் தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் புதுப்பித்த காலம் போய், 2025 ஜனவரியிலிருந்து ஆன்லைனில் 5,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டுப் பதிவு. ஆபரேட்டர் போனில் காட்டினார். வீடுவாரியாகப் பிரித்துப் போட்ட பில் தருவீர்களா என்பது அடுத்த கேள்வி. இதுவரை யாருக்கும் தந்ததில்லை, இனி எல்லாருக்கும் தருகிறேன் என்றார் ஆபரேட்டர். மகள் அதையும் தாளில் ஒரு வரியாகச் சேர்த்தார்.

இரண்டு தாள்களையும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் வைப்பதாகவும், ஆறு மாதத்துக்குப் பின்னான விலையை அந்தக் கம்பெனி எழுத்தில் தரும்வரை அதன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதில்லை என்றும் செயலாளர் சொன்னார்.